லைப்சிக்குக்கு வரும் தேவகோட்டைத் தம்பிக்கு

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். காரைக்குடியில் அரசியல் அறிவியல் முதுகலை முடித்தவர். வரும் அக்டோபரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உலக அரசியல் சிந்தனை படிக்க வருகிறாராம். எதேச்சாதிகார அரசுகளின் கண்காணிப்பே ஆய்வுப் பொருள் என்பதால், சொந்த நாட்டை விட்டுத் தப்பி வந்து ஜெர்மனியில் வாழ்பவர்களைப் பேட்டி காணப் போகிறாராம். அறை வாடகை, குளிருடை, சைவச் சாப்பாடு, பகுதி நேர வேலை என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இந்தப் பேட்டிகளை வைத்து எழுதினால் தமக்குத் தொல்லை வருமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

தம்பி, முதல் நான்குக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அரிசியும் பருப்பும் தாராளமாகக் கிடைக்கும். குளிருடையைச் சென்னையில் வாங்கி மூட்டை கட்ட வேண்டாம், இங்கே வாங்கியதுதான் இந்தக் குளிருக்குத் தாங்கும். நான் பதில் சொல்ல நினைப்பது அந்தக் கடைசி வரிக்கு. உங்களுக்குத் தொல்லை வருமா என்பதைவிட, உங்களை நம்பி வாய் திறப்பவருக்கு என்ன வரும் என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த இந்த லைப்சிக்கில் நான் வந்து இறங்கியது தொண்ணூறுகளின் நடுவில். நிலக்கரி அடுப்பு வைத்த பழைய கட்டடம் ஒன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டில் அறை கிடைத்தது. அடுப்பு மூட்டத் தெரியாமல் முதல் வாரம் முழுவதும் மேல்கோட்டோடு படுத்தேன். மொழி அதைவிட மோசம். அந்த அம்மையார் அப்போதுதான் தம்மைப் பற்றிய உளவுக் கோப்பைப் படித்து முடித்திருந்தார். ஸ்டாசி என்று அழைக்கப்பட்ட கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறையில், 1989-இல் ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்களும் சுமார் 1,89,000 ரகசியத் தகவலாளர்களும் இருந்தார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல்தான். அவர்கள் விட்டுச் சென்ற கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். தன்னைப் பற்றிய கோப்பைத் தானே படிக்கும் உரிமையை 1991 டிசம்பரில் இயற்றிய சட்டம் தந்தது. மறு மாதமே வாசிப்பறைகள் திறந்தன.

ஒரு மாலை அவர் நகல் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பி எனக்குக் காட்டினார். தட்டச்சு செய்த பக்கம்; மேலே தேதி, நேரம், தகவலாளரின் புனைபெயர்; பிறருடைய பெயர்கள் வந்த இடங்களில் கறுப்புப் பட்டை. மேற்கு ஜெர்மனியிலிருந்து காப்பித்தூள் பொட்டலம் வந்த நாள், அந்தக் காப்பியை யார் யாருக்குக் கொடுத்தார், எத்தனை மணிக்குச் சன்னல் திரையை இழுத்தார் என்பதுவரை அதில் எழுதியிருந்தது. எழுதியவர் கீழ்த்தளத்துத் தோழி என்பது, அந்தப் புனைபெயருக்கு உரியவர் யார் என்று விண்ணப்பித்துக் கேட்ட பிறகு தெரிந்ததாம். ஆனால் அம்மையாரை வாட்டியது தோழியின் துரோகமன்று. நாட்டை விட்டு வெளியேற நினைத்த தம் மாணவர் ஒருவரைப் பற்றிக் காப்பி குடித்துக்கொண்டே தாமே சொன்ன ஒரு வாக்கியம், நான்கு வரிக் குறிப்பாக அங்கே பதிவாகியிருந்தது. அந்த மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டதை அம்மையார் முன்பே அறிவார். காரணம் அந்தத் தாளைப் படித்தபோதுதான் விளங்கியது.

இதைக் கேட்டபோது எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது. ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1962-இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊருக்கு அவர் எழுதிய கடிதங்களில் மழையும் உடம்பும் தவிர வேறொன்றும் இருக்காது என்று அப்பத்தா சொல்வார். 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கையில் இருந்ததும் போயிற்று. ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பின்பும், முகப்புத் திண்ணையில் அரசியல் பேச்சு எழுந்தால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவார். காரைக்குடியில் அவரை ஒற்றறிய எவன் வரப்போகிறான்?

கார்ல்ஸ்ரூயேயில் உள்ள ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 1983 டிசம்பர் 15 அன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வழக்கத்துக்கு மாறான தன் நடத்தை எங்கோ பதிவாகுமோ என்ற ஐயத்தோடு வாழ்பவர், கண்ணில் படாமல் இருக்கவே முயல்வார். அது அவரை மட்டுமன்றி மக்களாட்சியையும் முடக்கும் என்றது அந்தத் தீர்ப்பு. படிக்க வரும் பிள்ளைகள் பலர் ஒரே காவலர் எல்லாக் கைதிகளையும் பார்க்கும்படி ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாம் வரைந்த சிறைக் கோபுரத்திலும், அதற்குப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ சொன்ன விளக்கத்திலும் நின்றுவிடுகிறார்கள். திருக்குறளின் 59-ஆம் அதிகாரத்தைக் கேட்டால் விழிக்கிறார்கள். அரசுப் பணியாளர், சுற்றத்தார், பகைவர் என்று அனைவரையும் ஆராய்வதே ஒற்று என்றும், ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது அந்த ஒற்றாடல் அதிகாரம். மாணவனாகவும் துறவியாகவும் வணிகனாகவும் ஒற்றருக்கு வேடம் கட்டிவிடுகிறார் அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர். இரண்டுமே அரசன் பக்கம் நின்று பேசுபவை. பார்க்கப்படுபவன் பக்கம் நின்று பேசுவது கார்ல்ஸ்ரூயேத் தீர்ப்பு. ஒற்றாடலுக்குச் சற்று முன்னே கொடுங்கோன்மையையும் வெருவந்த செய்யாமையையும் வள்ளுவர் வைத்திருப்பதையும் சேர்த்துப் படித்தால், உங்கள் ஆய்வுக்கு நம் மண்ணிலேயே ஒரு தொடக்கம் கிடைக்கும்.

தப்பி வந்தவர்களுக்கு இங்கே பயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1992-இல் பெர்லின் உணவகம் ஒன்றில் ஈரானியக் குர்துத் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2017-இல் வியட்நாமைச் சேர்ந்த ஒருவரைப் பட்டப்பகலில் பெர்லின் பூங்காவிலிருந்து கடத்திச் சென்றார்கள். 2019-இல் அதே நகரத்தின் இன்னொரு பூங்காவில் செச்செனியர் ஒருவர் கொல்லப்பட்டார். ரஷ்ய அரசே ஏவிய கொலை அது என்று நீதிமன்றம் கூறியது. நம்மவர்களும் விலக்கல்லர்: இங்குள்ள சீக்கியர்களையும் காஷ்மீரிகளையும் வேவு பார்த்து இந்திய உளவுத் துறைக்குத் தகவல் தந்ததாக, ஓர் இந்தியத் தம்பதியரை ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 2019 டிசம்பரில் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

நம் வாட்சாப் குழுக்கள் தனிக் கதை. யார் யாருடன் வீடு எடுத்திருக்கிறாள், எந்தப் பையன் எந்த ஊர்வலத்தில் நின்றான் என்பது, இங்கே பொழுது விடியுமுன் பள்ளத்தூருக்கும் கோட்டையூருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யும் ஆன்மெல்டுங் கட்டாயம். வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். அந்தப் பதிவுத் தாளையே படமெடுத்து, இது சரியா அண்ணா என்று குழுவில் போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெயரோடு பிறந்த தேதியும் தெரிந்தால், கட்டணம் செலுத்தி ஒருவரின் தற்போதைய முகவரியை எவரும் பதிவு அலுவலகத்தில் கேட்டு வாங்க முடியும். உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள், தம் முகவரியைப் பிறருக்குத் தராதபடி தகவல் தடை கோரலாம். நீங்கள் பேட்டி காண்பவர்களில் பலர் அதைப் பெற்றிருக்கக்கூடும். அவர்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு படம் எடுத்தீர்கள் என்றால் அந்தத் தடையே வீண்.

பேட்டி காணப்போகும் நாற்பது பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியலை நண்பர்களுடன் இணையத்தில் பகிர்ந்து வைத்திருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அதை அழித்துவிடுங்கள். இங்கு வந்தபின் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பெண் கொடுங்கள். அந்தக் குறிப்பெண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்றாக, கணினிக்கு வெளியே, பேராசிரியரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பேச்சைப் பதிவு செய்யலாமா என்பதை ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாகக் கேளுங்கள். ஒருமுறை சரி என்றவர் அடுத்த முறை மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லி வாயைக் கிளறும் வழக்கம் நம்மூர்த் திண்ணையில் செல்லுபடியாகலாம். இங்கே அது கூடாது; பேட்டி தருபவர்களின் தாயும் தங்கையும் இன்னும் அவர்கள் விட்டு வந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். ஊருக்கு விடுமுறையில் போகும்போது பேட்டிகள் இருக்கும் கணினியை எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஸ்டாசிக் கோப்புகளை ஆய்வுக்காகப் பார்க்க வேண்டுமானால், 2021 முதல் அவை கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. தலைப்பைத் தெளிவாக எழுதி ஊரிலிருந்தே விண்ணப்பித்துவிடுங்கள். வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் முதல் பருவம் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும்.