கிருமியின் வாலைப் படித்தால் வேலை கிடைக்குமா?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் அண்ணனுக்கு வணக்கம்.

மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மகள் டாக்டர் படிப்பும் வேண்டாம், தாதியர் படிப்பும் வேண்டாம், கிருமிகளின் மரபணுவைத்தான் படிப்பேன் என்கிறாள். அதிலும் கிருமி எப்படி நீந்துகிறது, அதன் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்றுதான் எந்நேரமும் பேச்சு. இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று தெரியாமல் சம்பளத்தைப் பேசினால் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பீர்கள். அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எலிச்சிறுநீர்க் காய்ச்சல் தோட்டத்து ஆட்களுக்குப் புதிதில்லை. அதைக் கொடுப்பது லெப்டோஸ்பைரா. மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய, திருகலான கிருமி. பல கிருமிகளுக்கு வால் போன்ற கசையிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு உண்டு, இரண்டும் உடம்பின் இரு சவ்வுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அவை சுழலும்போது உடம்பே சேர்ந்து திருகிக்கொண்டு முன்னேறும். காலில் ஒரு வெட்டு, தண்ணீரில் ஊறிய தோல், இது போதும், உள்ளே போய்விடும். அந்த இழைக்கு மேலுறையாக அமையும் ஒரு புரதத்தின் மரபணுவை ஆய்வாளர்கள் கெடுத்துப் பார்த்தார்கள். கிருமி சாகவில்லை, பெருகவும் செய்தது. ஆனால் கொக்கி போல் வளைந்திருந்த நுனிகள் நிமிர்ந்துவிட்டன, நீந்த முடியவில்லை. சோதனை விலங்குகளுக்கு நோயும் வரவில்லை. ஒரே ஒரு மரபணு, அண்ணே. உங்கள் மகள் இதில்தான் சொக்கிப்போயிருக்கிறாள். எனக்கு ஆச்சரியமில்லை.

இந்த வேலை கையால் எப்படி நடக்கிறது என்றும் கொஞ்சம் பாருங்கள். கிருமி வளர்க்கும் கூழைக் கெட்டியாக்கும் அகாரை வழக்கத்தைவிடக் குறைவாகப் போட்டு, தொட்டால் குழையும் பதத்தில் தட்டில் ஊற்றுவார்கள். நடுவில் ஊசியால் கிருமியைக் குத்தி, வெப்பப் பெட்டியில் இரவு முழுக்க வைப்பார்கள். நீந்தத் தெரிந்த கிருமி காலையில் வட்டமாக, மங்கலாகப் பரவியிருக்கும். நீந்தாதது குத்திய இடத்திலேயே புள்ளியாக நிற்கும். இப்போது ஈ கோலை கிருமியில் மூன்று மரபணுக்களைத் தனித்தனியாக நீக்கிய மூன்று ரகங்களை எடுத்துக்கொள்வோம். ஃபிளை-சி இல்லாததற்கு இழையே கிடையாது. மோட்-ஏ இல்லாததற்கு இழை இருக்கும், ஆனால் அடியிலுள்ள மோட்டார் சுழலாது. கீ-ஒய் இல்லாததற்கு இழையும் உண்டு, சுழற்சியும் உண்டு, திசை மாற்றத்தான் தெரியாது. காலையில் தட்டைப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி, நடுவில் சின்னதாகத்தான் இருக்கும். எது ஏன் பரவவில்லை என்று கண்டுபிடிக்க நுண்ணோக்கி வேண்டும், இழைக்குத் தனிச் சாயம் ஏற்ற வேண்டும். அப்புறம் நீக்கிய மரபணுவைத் திரும்பச் செருகி, மறுபடியும் நீந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நீந்தினால்தான் காரணம் அந்த மரபணுதான் என்று எழுத முடியும்.

இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே மாதிரி தெரியும் மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வது அவளுக்குச் சலிப்பாகத் தோன்றினால், அவளுக்குப் பிடித்திருப்பது கதை மட்டும்தான். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் இந்தப் படிப்புக்கு ஏற்ற ஆள். எஸ்.பி.எம். உயிரியலில் எத்தனை ஏ என்பதைவிட நான் இதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

மேற்பரப்பு என்று அவள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. க்ளெப்சியெல்லா என்ற கிருமிக்குக் கசையிழையே கிடையாது, நீந்தாது. அதன் பலம் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரைப் பொருள் உறை. உறையை அதிகமாக்கும் மரபணு உள்ள சில ரகங்களின் காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த திட்டை, கம்பி வளையத்தால் தொட்டு மேலே தூக்கினால், வெண்டைக்காய் நறுக்கும்போது வருவது போல இழை இழுபடும். அது 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆய்வகத்தில் குறித்துக்கொள்வார்கள், கடுமையான ரகமாக இருக்கலாம் என்று. டைஃபாய்டு கிருமி இன்னும் கெட்டிக்காரி. டிவி-ஏ என்ற ஒரே மரபணு அங்கே இரண்டு வேலை பார்க்கிறது. மேலே வி-ஐ என்ற உறையைப் போர்த்த வைக்கிறது, கூடவே கசையிழைப் புரதத்தைக் குறைத்துவிடுகிறது. நம் உடம்பின் காவல் செல்கள் அந்தப் புரதத்தை வைத்துத்தான் எதிரியை அடையாளம் காணும், அதனால் இந்த ஏற்பாடு. அதே வி-ஐ உறையை எடுத்துத்தான் டைஃபாய்டு தடுப்பூசியும் செய்கிறார்கள். சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உங்கள் தங்கை போட்டுக்கொண்டாரே, அந்த ஊசிதான். ஆக, யாருக்கு இது உபயோகம் என்ற கேள்விக்குப் பதில் உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

கிருமியின் அசைவை மட்டும் ஆராய்ந்து சம்பளம் வாங்குகிற வேலை நம் நாட்டில் குறைவு. பல்கலைக்கழகத்திலும் சில ஆய்வு நிறுவனங்களிலும்தான் உண்டு. அதற்கு முதுகலை, பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக் கூடத்திலேயே அது பரவியது. ஸ்டாண்டன், ஃபிளெட்சர் என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கிருந்தபடியே அதை ஆராய்ந்தார்கள். நூறு வருடம் தாண்டியும் மண்ணில் வேலை செய்கிறவர்களை அந்த நோய் விடவில்லை, ஆராய்ச்சியும் ஓயவில்லை. ஆனால் அந்த நாற்காலிகள் சில. அதை மட்டும் நம்பி மகளை அனுப்பாதீர்கள்.

நுண்ணுயிரியல் பட்டத்தோடு வெளியே வருகிறவர்களில் நிறைய பேர் போகிற இடம் வேறு. உணவுத் தொழிற்சாலை, குடிநீர்ப் பரிசோதனை, மருந்து, மருத்துவக் கையுறை போன்ற இடங்களின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம். உங்கள் பக்கத்திலேயே ஈப்போவில் பொதுச் சுகாதார ஆய்வகமும் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. மருத்துவமனை ஆய்வகம் வேண்டுமென்றால் கதை வேறு. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பர்கள் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும். வெறும் நுண்ணுயிரியல் பட்டம் வைத்துக்கொண்டு நேரே போய் நிற்க முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்பே "இந்தப் படிப்பை வைத்து எந்தப் பெயரில் பதிவு செய்யலாம்?" என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கதவைத் தட்டுங்கள்.

பாதை என்று கேட்டால், என் கணக்கில் உங்கள் வீட்டு நிலைமைக்கு அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால் மெட்ரிகுலேஷன், கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு வரை ஒன்றரை வருடம், கஷ்டம்தான், ஊரில் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஆனால் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகலாம், செலவு மிகக் குறைவு. தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷன் என்ற முன்படிப்புக்காக வீட்டை அடகு வைக்கிற யோசனையை உங்கள் கடிதத்தில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பாடத் தேர்வில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். வேதியியலையும் கணிதத்தையும் விடக்கூடாது. கிருமியின் மோட்டார் புரோட்டான் ஓட்டத்தில் சுழல்கிறது, உறை என்பதே சர்க்கரைச் சங்கிலிகள். மனப்பாட உயிரியலோடு இந்தத் துறைக்குப் போகிற பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் திணறுகிறார்கள். மூயெட் ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்துக்குத் தள்ள வேண்டாம்.

அப்புறம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் புத்ரா, கெபாங்சான், மலாயா, சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியல் சார்ந்த இளங்கலைப் படிப்புகளை வரிசைப்படுத்தலாம். கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உண்டு. அது கடன், உதவித்தொகை இல்லை என்பதை மகளுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். மூன்று வருடத்தில் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்பது வீட்டுக் கட்டாயமானால், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளோமா நல்ல வழி. அங்கேயும் கிருமிதான், தட்டுதான், நுண்ணோக்கிதான். லெப்டோஸ்பைரா நோயை உறுதி செய்யும் சோதனை ஒன்றில், நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு உயிருள்ள கிருமியைக் கலந்து, சீரத்திலுள்ள எதிர்ப்புப் பொருள் மேற்பரப்பைப் பிடிப்பதால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று இருட்டுப் பின்னணியில் பார்ப்பார்கள். அவள் ஆசைப்படும் விஷயம் அங்கேயும் கண்முன் நீந்தும்.

நோய் தொற்றிக்கொள்ளுமோ என்று அவள் அம்மா அழுததாக எழுதியிருந்தீர்கள். பட்டப் படிப்பு மாணவர்கள் கையில் மிக ஆபத்தான கிருமியைக் கொடுப்பதில்லை. நோய் தராத ஈ கோலை போன்ற ரகங்களில்தான் பெரும்பாலும் கை பழகும். மெலியோய்டோசிஸ் கிருமியை ஆராய்கிறவர்களும் பல சோதனைகளை அதன் சாதுவான உறவுக்காரக் கிருமியில்தான் தொடங்குவார்கள். மெய்யான கிருமியைத் தொடும் நாள் வந்தால், அதற்கென்று காற்றை வடிகட்டும் பெட்டி, பயிற்சி எல்லாம் இருக்கும். தோட்டத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிற உங்கள் காலுக்குத்தான் இப்போதைக்கு ஆபத்து அதிகம். பூட்ஸ் போடுங்கள், அண்ணே.

ஆறாம் படிவத்துக்குப் பதிவு செய்யும் முன் மகளை அழைத்துக்கொண்டு பள்ளி ஆலோசனை ஆசிரியரை ஒரு முறை பாருங்கள். எஸ்.பி.எம். முடிவுத் தாளையும், அவள் விரும்பும் மூன்று படிப்புகளின் நுழைவுத் தகுதியை அவள் கையாலேயே எழுதிய தாளையும் கொண்டு போங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.