காருக்குள் நல்ல ஒலி: கூடுதல் பணம் எப்போது தகும்? – கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளாகக் கார்களுக்கு ஒலியமைப்பு வேலை செய்து வருகிறேன். விலையுயர்ந்த ஆடியோ உள்ள மாடலை வாங்கலாமா, இருக்கும் காரிலேயே மாற்றிக்கொள்ளலாமா என்று டெல்டாப் பகுதியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் ஐயா. நான் வாங்க நினைக்கும் காரில், பெயர் பெற்ற நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் டாப் மாடலில் மட்டுமே வருகின்றன. அதற்கு முந்தைய மாடலைவிட அது ஒன்றரை லட்சம் ரூபாய் அதிகம். பாட்டுக் கேட்பதில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. வாங்கலாமா?

அம்மா, அந்த ஒன்றரை லட்சமும் ஒலிக்கு மட்டும் போவதில்லை. சன்ரூஃப், சுற்றிலும் கேமரா, காற்று வரும் இருக்கை என்று பலவும் அதே விலைக்குள் வருகின்றன. அவற்றில் உங்களுக்கு உண்மையாகவே வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் மனமுவந்து எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எதிரில் போட்டுக் கழித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சும் தொகைதான் நீங்கள் ஒலிக்குக் கொடுக்கும் விலை. அது நாற்பதாயிரத்துக்குள் நின்றால் டாப் மாடலைத் தயங்காமல் வாங்கலாம். எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று நின்றால், முந்தைய மாடலை வாங்கி அதில் பாதிப் பணத்தை வெளியில் செலவிட்டாலே அதற்கு இணையான ஒலியைப் பெற்றுவிடலாம் என்பது என் அனுபவம்.

அந்த அமைப்புகளில் உண்மையான மதிப்பு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹூண்டாய் கிரெட்டாவின் மேல் மாடல்களில் போஸ் நிறுவனத்தின் 8 ஸ்பீக்கர்கள் வருகின்றன; மஹிந்திரா எக்ஸ்யூவி700 காரின் மேல் மாடலில் சோனியின் 12 ஸ்பீக்கர்கள் வந்தன. ஷோரூமில் இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் பணம் தகுவது எண்ணிக்கைக்காக அல்ல. ஓட்டுநருக்கு வலப்பக்கக் கதவின் ஸ்பீக்கர் முழங்காலுக்கு அருகிலும், இடப்பக்க ஸ்பீக்கர் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியும் இருப்பதால், அருகிலுள்ள ஒலி முந்திக்கொண்டு வந்து பாட்டு முழுவதையும் வலப்பக்கமே இழுத்துவிடும். அந்தந்தக் காரின் கூடு, கண்ணாடி, இருக்கைத் துணி எல்லாவற்றையும் அளந்து, அருகிலுள்ள ஸ்பீக்கரைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி தாமதப்படுத்தி, பாடகரின் குரலை டாஷ்போர்டின் நடுவில் நிறுத்துவதுதான் அங்கே நடக்கும் வேலை. ஒரு குறிப்பிட்ட காருக்கென்றே ஒலியைச் செதுக்கும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் வழியே 1983ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது போஸ். இன்று அதே வேலையை டி.எஸ்.பி. என்னும் சிறு பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தியும் செய்துகொள்ளலாம்; பொருத்துபவருக்கு அதை அளந்து அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. வாரத்தில் எத்தனை மணி நேரம் காரில் இருப்பீர்கள்? பள்ளிக்கும் வீட்டுக்கும் பத்து நிமிடம் போய்வருவதற்காக இவ்வளவு செலவு வேண்டாம். வாரம் மூன்று நாள் தஞ்சாவூர், திருச்சி என்று ஓட்டுபவராக இருந்தால் கணக்கு வேறு.

கும்பகோணத்திலிருந்து ஒரு பாத்திர வியாபாரி: கடையில் ஒரு ஸ்டீரியோவைக் காட்டி 50 வாட் வீதம் நான்கு, மொத்தம் 200 வாட் என்றார்கள். தனி ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை என்றும் சொன்னார்கள். சரியா?

சரியில்லை ஐயா. இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். சாதாரண ஸ்பீக்கரின் தடை 4 ஓம். மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் தனிப் பகுதி இல்லாத ஸ்டீரியோ, இந்த மின்சாரத்திலிருந்து ஒரு ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தரக்கூடியது கணக்கின்படி அதிகபட்சம் 26 வாட். நடைமுறையில் 18 முதல் 22 வரை. அப்படியானால் அந்த 50 எங்கிருந்து வந்தது? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.8 வரும். ஒலியின் அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் கிடைக்கும் எண் அது. அந்த நிலையில் காதில் விழுவது பாட்டு அல்ல, இரைச்சல். ஸ்டீரியோவின் பின்புறம் உள்ள ஃபியூஸையும் பாருங்கள். 10 ஆம்பியர் என்று இருந்தால் அது தொடர்ந்து இழுக்கக்கூடியதே 144 வாட்தான். 144 வாங்கி 200 கொடுக்கும் கருவி உலகில் இல்லை. பெட்டியில் ‘ஆர்.எம்.எஸ்.’ (தொடர்ந்து தரக்கூடிய திறன்) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

வாட் இரட்டிப்பானால் ஒலியும் இரட்டிப்பாகும் என்று நினைப்பதும் தவறு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தத்தின் அளவு 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் ஸ்பீக்கரின் உணர்திறன் எண்ணையும், அதாவது ஒரு வாட்டுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதையும், கேட்டு வாங்குங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபெல் ஸ்பீக்கரைப் போட்டால், இருக்கும் ஸ்டீரியோவையே இரண்டரை மடங்கு வலுவானதாக மாற்றியதற்குச் சமம்.

திருவையாற்றிலிருந்து மிருதங்கம் கற்கும் ஓர் இளைஞர்: அண்ணா, நான் கேட்பது கர்நாடக இசையும் பழைய நாகஸ்வர இசைத்தட்டுகளும் மட்டுமே. தாழ்ந்த ஒலிக்கென்றே போடும் சப்வூஃபர் தேவையா? கடையில் எதைப் போட்டுச் சோதிப்பது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். சோதிப்பதற்கு உங்களைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை, ஏனென்றால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கி எப்படிக் கேட்க வேண்டும் என்பது உங்கள் விரலுக்கே தெரியும். கடைக்காரர் போடும் பாட்டில் முடிவு செய்யாதீர்கள். அவரிடம் எந்த ஸ்பீக்கரையும் நல்லதாகக் காட்டும் நாலைந்து பாடல்கள் எப்போதும் இருக்கும்.

முதலில், தம்பூரா மட்டும் ஒலிக்கும் ஒரு நிமிடத்தைப் போடுங்கள். தம்பூராவின் ஜீவா, அதாவது தந்திக்கு அடியில் வைக்கும் நூலால் பிறக்கும் அதிர்வொலி, சன்னமான இழைகளாகப் பிரிந்து கேட்டால் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) நல்லது. ஒரே ரீங்காரமாகக் குழம்பினால் அது எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் வேண்டாம். அடுத்து, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். தொப்பியில் அழுத்தி இழுக்கும்போது கும்கி மேலேறிப் போவது தெரிய வேண்டும். ‘தொம்’ என்று ஒரே சுருதியில் கதவு அதிர்ந்தால், நீங்கள் கேட்பது மிருதங்கத்தை அல்ல, கதவின் தகரத்தை. மூன்றாவது, நாகஸ்வரம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் அந்தக் கருவியின் கம்பீரம் முழுவதும், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் கொட்டிக் கிடக்கிறது. மட்டமான ஸ்பீக்கர் அந்த இடத்தில்தான் கீச்சிடும். மேல் ஸ்தாயியில் நீண்டு நிற்கும் ஒரு கார்வையை இரண்டு நிமிடம் கேட்டும் காது கூசவில்லை என்றால் வாங்கிவிடுங்கள்.

சப்வூஃபரைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்த 1898 முதல் 1956 வரையிலான காலத்தில் பதிவான, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளில் மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் பதிவாகவே இல்லை. இடம் வலம் என்ற பிரிவும் கிடையாது. இல்லாத ஒன்றை எந்தச் சப்வூஃபரும் எடுத்துத் தர முடியாது. அவற்றில் இருப்பது நடுப்பகுதி மட்டுமே. முன்கதவுகளில் ஆறரை அங்குலத்தில் ஒரு ஜோடி நல்ல காம்பொனென்ட் ஸ்பீக்கர் (ட்வீட்டர் தனியாக வருவது) இருந்தால், அந்த நடுப்பகுதி உயிரோடு வரும்.

திருவாரூரிலிருந்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்: பத்து வருடத்துப் பழைய கார். என்னிடம் பதினைந்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம் அண்ணே. ஆனால் ஸ்பீக்கரில் தொடங்காதீர்கள். என் பட்டறையில் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றியதும் முதலில் வாடிக்கையாளரை அருகில் அழைத்துத் தகரத்தை விரலால் தட்டச் சொல்வேன். காலி எண்ணெய் டின் போல ‘டங்’ என்று அடிக்கும். தகரத்தில் கை நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று ஓட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் கிழிந்த பிளாஸ்டிக் தாள் ஒன்று தொங்கும். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் அந்த ஓட்டைகளின் வழியே கலந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பேஸ் இல்லை என்று பலர் புகார் சொல்வதற்குக் காரணம் இதுதான். அலுமினியம் பூசிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, ஓட்டைகளை மூடி, மறுபடி தட்டிப் பார்த்தால் ‘டொக்’ என்று மரக்கதவு போல இருக்கும். கதவைச் சாத்தும் சத்தமே மாறிவிடும்.

முன்கதவுகள் இரண்டுக்கும் இந்த டேம்பிங் வேலையைச் செய்துகொண்டு, மீதிப் பணத்தில் உணர்திறன் கூடிய ஒரு ஜோடி ஸ்பீக்கரை முன்னால் மட்டும் போடுங்கள். பின்கதவுகளைத் தொட வேண்டாம். ஸ்டீரியோவை மாற்றவும் வேண்டாம். சாலை இரைச்சல் குறைவதால் நீண்ட ஓட்டத்தில் உங்கள் உடல் அலுப்பும் குறையும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சிறிய கார்களுக்குள் பொதுவாக 65, 70 டெசிபெல் இரைச்சல் இருக்கும். அதற்கு மேலே ஏறித்தான் பாட்டு உங்கள் காதுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து: உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் இங்கே அதிகம். விலையுயர்ந்த ஸ்பீக்கர் தாங்குமா?

காகிதக் கூம்பு உள்ளதைத் தவிர்த்து, பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதை வாங்குங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவுக்குள் ஓடி அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். டேம்பிங் ஒட்டுபவர் அந்தத் துளைகளை மூடிவிட்டால் கதவு துருப்பிடித்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது உங்கள் ஊருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் அல்லவா? தண்ணீர் தேங்கும் தெருவில் காரை நிறுத்துபவர்கள் ஆம்ப்ளிஃபையரையும் சப்வூஃபரையும் இருக்கைக்கு அடியில் வைக்கக் கூடாது.

பட்டுக்கோட்டையிலிருந்து: புளூடூத்தில் கேட்டால் தரம் குறையுமா?

குறையும். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்.பி.சி. முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட் வரைதான் போகும். குறுந்தகட்டில் அது 1,411. கேபிள் போட்டுக் கேளுங்கள், பாட்டுக் கேட்கும் செயலியின் தர அமைப்பையும் உயர்வில் வையுங்கள். இதற்குச் செலவு கிடையாது.

மயிலாடுதுறையிலிருந்து: வெளியில் ஸ்பீக்கர் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள்.

கம்பெனி வயரை அறுத்தால் மின்சாரப் பகுதிகளுக்கான வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். வயரை அறுக்காமல், அந்தக் காருக்கென்று கிடைக்கும் கப்ளரை (வயர்களை இணைக்கும் செருகியை) போட்டு வேலை செய்தால், பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். வேலையைத் தொடங்கும் முன்பே இதைப் பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் முதல் காரை ஆம்ப்ளிஃபையருடன் பழையதாகத்தான் வாங்கினேன். முன்பு யாரோ வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லை. தஞ்சாவூரிலிருந்து வரும்போது பாபநாசத்துக்கு முன்னால் ரப்பர் கருகும் வாடை வந்தது. பானட்டைத் திறந்தால், சிவப்பு வயர் தகரத்தின் விளிம்பில் உரசி, தோல் உரிந்து, செம்பு வெளியே தெரிந்தது. மனைவியும் குழந்தையும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாத எந்தக் காரையும் நான் பட்டறையை விட்டு அனுப்புவதில்லை. செம்பு வயருக்குப் பதிலாகச் செம்பு பூசிய அலுமினிய வயரைக் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை: மகன் 12 அங்குலச் சப்வூஃபர் கேட்கிறான். காதுக்குக் கெடுதலா?

கெடுதல் அளவையும் நேரத்தையும் பொறுத்தது ஐயா. 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபெலில் ஒரு மணி நேரம், 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். மூடிய காருக்குள் 100 என்பது எளிதில் எட்டிவிடும் அளவு. மகனைத் திட்ட வேண்டாம். அவருக்கு இசை பிடித்திருக்கிறது. எட்டு அங்குலத்தில் மூடிய பெட்டி ஒன்று போதும் என்று சொல்லி அழைத்து வாருங்கள். பேஸ் அழுத்தமாகவும் சுத்தமாகவும் இருக்கும், டிக்கியில் சாமான் வைக்கவும் இடம் மிஞ்சும்.

வலங்கைமானிலிருந்து: எந்த பிராண்ட் நல்லது?

ஜே.பி.எல்., ஹார்மன் கார்டன், இன்ஃபினிட்டி மூன்றும் ஒரே ஹார்மன் குழுமத்தைச் சேர்ந்தவை. அந்தக் குழுமமே 2017 முதல் சாம்சங்கிடம் இருக்கிறது. பெயரைவிடப் பொருத்துபவரின் கையைப் பாருங்கள்.

சீர்காழியிலிருந்து: டாப் மாடலை வாங்கிவிட்டேன். மூன்று மாதமாகியும் ஒலி பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

இப்போதே மாற்ற வேண்டாம். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, சரவுண்ட் விளைவுகளை அணைத்துவிட்டு, முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரிக்கும் ஃபேடரை நடுவிலிருந்து சற்றே முன்பக்கம் தள்ளி ஒரு வாரம் கேளுங்கள். அதன் பிறகும் இரைந்தால், காரை நிறுத்தி, அதே பாட்டை அதே சத்தத்தில் வைத்து, ஒருவரை டோர் பேடை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அழுத்தும்போது இரைச்சல் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான் இருக்கிறது. சென்ற மாதம் இதே குறையோடு வந்த ஒரு புதிய காரில், கதவுப் பையிலிருந்த சில்லறைக் காசுகளையும் விபூதிச் சம்புடத்தையும் எடுத்து வெளியே வைத்ததும் ஒலி தெளிந்துவிட்டது.