டிஸ்க்கா, டவுன்லோடா? தோட்டத்து வீட்டுக்கு எது சரிப்படும்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். தீபாவளிக்குத் தம்பிகள் இருவருக்கும் சேர்த்து ஒரு பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல், வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பெரியவன் ஐந்தாம் படிவம், சின்னவன் ஆறாம் ஆண்டு. டிஸ்க் போட முடியாத மாடல் சில நூறு வெள்ளி குறைவாக இருக்கிறது. "இப்பல்லாம் யாரும் டிஸ்க் வாங்குறதில்ல" என்கிறார் கடைக்காரர். எங்கள் வீட்டுக்கு ஃபைபர் வரவில்லை. சிம் போடும் மோடம்தான், மாதம் 100 ஜிபி. டிஸ்க் வாங்கினால் டேட்டா மிச்சமாகுமா? இன்னொன்று: 300 வெள்ளி கேமை ஆன்லைனில் 60 வெள்ளிக்கு "அக்கவுண்ட்" என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

பதில்: டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள். வீட்டில் ஃபைபர் இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கணினி கேம்களில் டிஸ்க் ஏறக்குறைய ஒழிந்தே போய்விட்டது, எல்லாம் ஸ்டீம் போன்ற கடைகளில் டவுன்லோட்தான். கன்சோலிலும் காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. ஆலன் வேக் 2 என்ற பெரிய கேம் 2023-இல் டிஸ்க்கே இல்லாமல் வெளிவந்தது, டிஸ்க் வர ஒரு வருடம் ஆனது. ஆனால் பட்டணத்தில் ஃபைபர் வைத்திருப்பவருக்குச் சரிப்படுவது சிம் மோடம் வீட்டுக்குச் சரிப்படாது.

கணக்கைப் பாருங்கள். இன்றைய பெரிய கேம் ஒன்று 50 ஜிபியிலிருந்து 100 ஜிபிக்கு மேல்கூடப் போகும். உங்கள் மோடம் 20 எம்பிபிஎஸ் வேகத்தை விடாமல் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 100 ஜிபி இறங்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலம் எல்லோரும் கைப்பேசியும் கையுமாக உட்காரும் நேரத்தில் அந்த வேகம் 5-க்கு இறங்கினால் ஏறக்குறைய இரண்டு நாள். நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரே கேமோடு மாதத்து 100 ஜிபியும் தீர்ந்துபோகும். மீதி நாட்களுக்குப் பெரியவனின் எஸ்பிஎம் வீடியோ பாடமும் இல்லை, அம்மாவின் நாடகமும் இல்லை. வீட்டில் சண்டை வருவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

சரி, டிஸ்க் வாங்கினால் டேட்டா மிச்சமாகுமா? பெரும்பாலும் ஆகும், முழுவதும் அல்ல. பிஎஸ்5 டிஸ்க் ஒன்றில் 100 ஜிபி வரை கொள்ளும். டிஸ்க்கைப் போட்டதும் கேம் கன்சோலின் உள் சேமிப்பில் ஏறிவிடும், அதற்கு இணையம் தேவையில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறை விளையாடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும், சாவி மாதிரி. டிஸ்க் வாங்கினால் உள்ளே இடம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது கிடையாது. டிஸ்க்கானாலும் டவுன்லோடானாலும் கேம் பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் டிஸ்க் அச்சான பிறகும் கம்பெனிகள் கேமைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அந்த அப்டேட்டுகள் சில நூறு எம்பியும் இருக்கும், பல ஜிபியும் இருக்கும். தனியாக விளையாடும் கேம்களை அப்டேட் இல்லாமலே பெரும்பாலும் ஓட்டலாம். அதனால் செட்டிங்ஸில் தானாக அப்டேட் ஆவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். அப்புறம், ஈப்போவில் ஃபைபர் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு எப்போதாவது கன்சோலைத் தூக்கிப் போய், ஒரு ராத்திரி அங்கேயே விட்டு எல்லா அப்டேட்டையும் இறக்கிக்கொண்டு வரலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அரை மணி நேரக் கார் பயணத்தில் ஒரு மாதத்து டேட்டா மிச்சம்.

பெட்டியில் டிஸ்க் இருந்தாலே கேம் அதில் இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கேமின் பிஎஸ்5 டிஸ்க்கில் 100 எம்பிகூட இல்லை, மற்றதெல்லாம் டவுன்லோட். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த டிஸ்க்கால் எந்தப் பயனும் கிடையாது. ஆகவே வாங்கும் முன் பெட்டியின் முன்னும் பின்னும் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். இணையம் கட்டாயம் என்றோ டவுன்லோட் தேவை என்றோ போட்டிருந்தால், அந்த டிஸ்க்கில் முழு கேம் இருக்கிறதா என்று கடையிலேயே கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கேம்களுக்கு யாராவது சோதித்து எழுதியிருப்பார்கள்.

நாளைக்குச் சின்னவன் நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கேட்டால் அங்கேயும் இதே பொறி உண்டு. 2025 ஜூனில் வந்த அந்தக் கன்சோலில் டிஸ்க்குக்குப் பதில் சின்ன கார்டுதான், அப்படி விற்கும் சில கார்டுகளில் கேமே கிடையாது. கார்டைச் செருகினால் கேமை டவுன்லோட் செய்ய அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். பெட்டியின் முன்பக்கம் கீழே சாவிப் படத்தோடு ஒரு பட்டையில் அதைப் போட்டிருப்பார்கள். முழு கேமும் உள்ள கார்டு என்றால் உங்கள் வீட்டுக்கு நல்லதுதான். பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அந்தக் கார்டில் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். சின்னவன் அதை நக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டான்.

அடுத்து பணம். நான் டிஸ்க் பக்கம் சாய்வதற்கு டேட்டா பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி. புது கேம் ஒன்று சுமாராக 300 வெள்ளி. பையன்கள் அதை ஒரே பள்ளி விடுமுறையில் முடித்துவிட்டுத் தூக்கிப் போடுவார்கள். டிஸ்க்காக இருந்தால் கேரோசெல், முடா போன்ற இணையச் சந்தையில் போட்டு விற்கலாம், இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து லயத்துப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம். 300-க்கு வாங்கியதை 200-க்கு விற்றால் கேமின் உண்மையான செலவு 100 வெள்ளிதான். டவுன்லோட் கேமை விற்கவே முடியாது. பிளேஸ்டேஷன் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் 14 நாளுக்குள், அதுவும் டவுன்லோடைத் தொடங்காமல் இருந்தால்தான். விளையாடிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் போனது போனதுதான். கால்பந்து கேமைப் பொறுத்தவரை சீக்கிரம் விற்க வேண்டும். அதில் வருடத்துக்கு ஒன்று புதிதாக வரும், அது வந்த பிறகு பழைய டிஸ்க்கை யாரும் சீண்ட மாட்டார்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது, கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். டிஸ்க் போடும் பிஎஸ்5-இல் பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும். அந்தத் தலைமுறையின் நல்ல நல்ல கேம்கள் இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கின்றன. இந்தத் தீபாவளிக்குப் புது கேம் ஒன்று, பழைய பிஎஸ்4 டிஸ்க் இரண்டு மூன்று என்று வாங்கிக் கொடுத்தால் பையன்கள் நோன்புப் பெருநாள் வரை வாய் திறக்க மாட்டார்கள். பசார் மாலாமில் 5 வெள்ளிக்கு டிஸ்க் வாங்கிய காலத்தை அப்பா நினைவுபடுத்துவார். அந்தக் கள்ள டிஸ்க் எதுவும் பிஎஸ்5-இல் ஓடாது.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் தருவித்தால் ஒன்றைக் கவனியுங்கள். 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் டிஜிட்டல் சேவைக்கும் வரி இருக்கிறது, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. வரியைவிட முக்கியம் வட்டாரம். எந்த நாட்டு டிஸ்க்கும் பிஎஸ்5-இல் ஓடும். ஆனால் அந்த கேமுக்குக் கூடுதலாக வாங்கும் பகுதிகள் டிஸ்க்கின் வட்டாரமும் கணக்கின் வட்டாரமும் ஒத்துப்போனால்தான் வேலை செய்யும். மலேசியக் கணக்கு என்றால் ஆசியப் பதிப்பு டிஸ்க்.

டவுன்லோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று ஜிபி பிடிக்கும் சின்ன கேம்கள், டிஸ்க்கே வராத கேம்கள், பாதி விலைக்கும் கீழே தள்ளுபடியில் வரும் பழைய கேம்கள், இவற்றை பிளேஸ்டேஷன் கடையிலேயே வாங்கலாம். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு வேறு வழியும் இல்லை. பணம் கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாட மட்டும் பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும், அதை டிஸ்க்கோ டவுன்லோடோ மாற்றாது. சந்தாவோடு வரும் கேம்களும் சந்தா இருக்கும்வரைதான்.

"டவுன்லோட் கேம் என்றைக்கும் நம்முடையது" என்பதையும் அளவோடு நம்புங்கள். நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு கடைகளை 2023 மார்ச் 27-இல் மூடியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29-இல் மூடியது. முன்பே வாங்கியவர்கள் திரும்ப இறக்கிக்கொள்ள முடிந்தது, புதிதாக வாங்கத்தான் முடியாது. டிஸ்க் வைத்திருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் வந்த கார் பந்தய கேம், ஆள் தனியாக ஓட்டினாலும் கம்பெனியின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் தகடு. முழு கேமும் டிஸ்க்கில் இருந்து, இணையம் இல்லாமலும் ஓடினால்தான் அதை உங்களுடையது என்று சொல்லலாம்.

மாடல் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு. 2023 கடைசியில் வந்த ஸ்லிம் மாடலில், டிஸ்க் இல்லாததை வாங்கினாலும் பிறகு டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டும்போது ஒரு முறை மட்டும் இணையம் வேண்டும். ஆனால் தனியாக வாங்கும் டிரைவின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், இன்று மிச்சமாகும் பணம் நாளை அதற்கே போய்விடும். இரண்டாம் கையில் கன்சோல் வாங்குவதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2020-இல் வந்த பழைய டிஜிட்டல் மாடலில் டிரைவை மாட்டவே முடியாது. பக்கத்து மூடி இரண்டு பெரிய துண்டாக இருந்தால் பழையது, நடுவில் வெட்டு விழுந்து நான்கு துண்டாக இருந்தால் ஸ்லிம்.

வாங்கி வந்ததும் முதல் கணக்கை உங்கள் பெயரில் திறங்கள், நாடு மலேசியா என்று போடுங்கள். அதைப் பிறகு மாற்ற முடியாது. தம்பிகளைக் குடும்ப உறுப்பினர்களாகச் சேர்த்தால் சின்னவனின் விளையாடும் நேரத்தையும் செலவையும் நீங்களே கட்டுப்படுத்தலாம். உங்கள் கணக்கில் வாங்கும் கேமை அந்த ஒரே கன்சோலில் இருவரும் அவரவர் கணக்கிலிருந்து விளையாடலாம். கடன் அட்டையைக் கணக்கில் பதிந்து வைக்காமல் முன்பணம் கட்டி வாங்கும் வாலட் கார்டைப் போடுவது நிம்மதி. பிறகு, நம் பேராக்கில் சாயங்கால இடி மின்னல் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேகம் கறுத்தால் கன்சோல், மோடம் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள். பாதியில் நின்ற டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கடைசியாக அந்த 60 வெள்ளி "அக்கவுண்ட்". வாங்காதீர்கள். விற்பவர் ஒரு கணக்கில் கேமை ஒரு முறை வாங்கி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் பல பேருக்கு விற்கிறார். ஒரு கணக்கை ஒரு பிஎஸ்5-இல் மட்டும்தான் பகிர்வுக்கு வைக்க முடியும். இன்னொருவர் தன் கன்சோலில் அதை மாற்றிய மறு நிமிடம் உங்கள் வீட்டில் கேம் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை விற்றவரே மாற்றிவிடலாம். கணக்கை விற்பது சோனியின் விதிகளுக்கே எதிரானது என்பதால் யாரிடமும் புகார் செய்யவும் வழி இல்லை.

அதே 60 வெள்ளிக்கு இரண்டாம் கையில் பிஎஸ்4 டிஸ்க் தேடுங்கள். நேரில் போய் வாங்குங்கள், டிஸ்க்கைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புளூரே டிஸ்க்கின் மேல் பூச்சு கெட்டியானது, மெல்லிய கீறலைத் தாங்கும். ஆனால் தகவல் பதிந்திருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் இருந்தாலோ நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் தெரிந்தாலோ விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள்.