ஐசியூவில் இருக்கும் என் 5 வயது மகன் ஏதேதோ உளறுகிறான், என்னையே தெரியவில்லை. மூளை பாதித்துவிட்டதா?

உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டெலிரியமாக இருக்கலாம். உடம்பு ரொம்ப முடியாமல் இருக்கும்போது சில மணி நேரத்தில், ஒன்றிரண்டு நாளில் வரும் புத்தித் தடுமாற்றம் அது. காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

என் மகளுக்கு 6 வயதில் நிமோனியா. மேலூரிலிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 5 நாள் வென்டிலேட்டர். குழாயை எடுத்த மறுநாள் சாயந்தரம், போர்வையில் இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போட்டாள். "யாரு நீ, போ" என்று என்னைத் தள்ளினாள். "புள்ள பயந்திருக்கு" என்று மாமியார் பாண்டி கோயிலுக்குப் போய்க் கயிறு வாங்கி வந்தார். கட்டினோம். அடுத்த நாள் சத்தமே இல்லை. "சமத்தா படுத்திருக்கா" என்றார்கள் சிஸ்டர்கள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. கண் திறந்திருக்கிறது, என் முகத்தில் நிற்கவில்லை. கையில் வைத்த பொம்மை அப்படியே நழுவியது.

அதுவும் டெலிரியம்தான். இப்படித் துவண்டு கிடக்கும் பிள்ளைகளைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் விடாமல் கேட்ட பிறகு டியூட்டி டாக்டர் வந்து கார்னெல் அளவுகோலை வைத்துப் பார்த்தார். கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியதைக் கேட்கிறதா, தேற்றினால் தேறுகிறதா என்று 8 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் என்று சந்தேகிப்பார்கள்.

பிறகு காரணம் தேடுவார்கள்: கிருமித் தொற்று, ஆக்சிஜன் குறைவு, வலி, தூக்கமின்மை, மருந்து. மிடசோலம் மாதிரி தூக்க மருந்தாலேயே இது வரலாம், சட்டென்று நிறுத்தினாலும் தடுமாறும். அதனால் "தூங்க ஊசி போடுங்க" என்று கெஞ்சாதீர்கள். என்னென்ன மருந்து போகிறது என்று கேளுங்கள். என் மகளுக்குப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

பகலில் வெளிச்சம் வரட்டும், ராத்திரி விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவன் என்றால் போட்டுவிடுங்கள். கையைக் கட்டியிருந்தால், "அவுத்துவிடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பூச்சி இல்லை என்று வாதாட வேண்டாம். "அம்மா இங்கதான் இருக்கேன் சாமி, இது ஆஸ்பத்திரி, இப்ப காலைல" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

"இது என் பிள்ளையோட சுபாவம் இல்லை" என்பதை சிஸ்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவீர்கள், எதைக் கட்டிக்கொண்டு தூங்குவான் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலில் ஒட்டிவிடுங்கள். நைட் டியூட்டிக்கு வருகிறவர்களும் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடட்டும்.