மஞ்சள் கடிதம் கொடுத்தால் அடகு நகை மீளுமா?

மீளாது. மஞ்சள் கடிதம் என்பது, கடனைக் கட்ட இயலவில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் நொடிப்பு மனு. வீட்டுச் செலவுக்கு வாங்கிய கிரெடிட் கார்டு கடன், தனிநபர் கடன், நகைக்கடன் மூன்றும் நெருக்குவதால் தண்டையார்பேட்டையிலிருந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள். நகையைப் பிணையாக வைத்திருப்பவரின் உரிமையை நொடிப்பு மனு தொடுவதில்லை. தவணை தவறினால் அவர் முன்னறிவிப்புக் கொடுத்து ஏலம் விடலாம்.

“எல்லாக் கடனும் ஒழிந்துவிடும்” என்று மனு எழுதித் தருபவர் யாரேனும் உங்களிடம் சொல்லியிருக்கக் கூடும். அது பிணையுள்ள கடனுக்குப் பொருந்தாது.

இன்றிரவே அடகுச் சீட்டை எடுத்து, அதிலுள்ள கெடு தேதியையும் இதுவரை ஏறிய வட்டியையும் பாருங்கள். கையில் வரும் பணத்தை முதலில் அந்த வட்டிக்குக் கட்டிவிட்டு, மற்ற இரண்டுக்கும் தவணையைக் குறைக்கும்படி வங்கிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. பயந்து எவரிடமும் புதுக்கடன் வாங்காதீர்கள்.

சென்னையில் நொடிப்பு மனுவை 1909ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் நீதிமன்றம் உங்களைக் கடனிலிருந்து விடுவித்தாலும், தனிநபர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்ட உங்கள் அண்ணனின் பொறுப்பு நீங்காது. மனுவில் கையெழுத்திடும் முன் அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.