தோளுக்கு மேல் எழும் பந்து

கேள்வி: டெனிஸ் பழகும் மகளுக்கு வயது 10. தோளுயரப் பந்தை ஃபோர்ஹேண்டில் (மட்டை பிடித்த கைப்பக்கமாக) அடித்தால் கோட்டைத் தாண்டிப் போகிறது. எப்படித் திருத்துவது?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தாழ்ந்த பந்துக்குச் செய்வதுபோல மட்டையை இடுப்புக்குக் கீழே இறக்கித் தூக்குகிறார் போலும். அப்போது மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்தும் பறக்கும். பின்னிழுக்கும்போதே முழங்கை தோள் மட்டத்துக்கு வரட்டும், மட்டைத்தலை பந்தின் உயரத்திலேயே நிற்கட்டும். உடலுக்கு ஒரு முழம் முன்னே பந்தைச் சந்தித்து, நேரே முன்னோக்கி அடித்து, மறுபக்க விலாவருகே முடிக்கவேண்டும். பிடியையும் பாருங்கள்: உள்ளங்கை கைப்பிடியின் பின்புறத்திலிருந்து சற்றுக் கீழே இறங்கியிருந்தால் மட்டையின் முகம் தானாகவே சற்றுக் கீழ்நோக்கிச் சாயும்.

முதலில் நீங்களே கையால் எறிந்து 20 பந்துகள் கொடுங்கள். பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்து அவர் உயரத்துக்கு அதிகம் துள்ளும். 25 சதவீதம் வேகம் குறைந்த பச்சைப் பந்தே இந்த வயதுக்கு ஏற்றது. கடற்காற்று பலமான மாலைகளில் கால்களைச் சிறு அடிகளாக வைக்கச் சொல்லுங்கள்.