மகன் சொன்ன உண்மையும் 365ஆம் பிரிவும்

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 28 வயது, கணினித் துறையில் நல்ல வேலை. ஒரு பேச்சுக்கால் பொருந்தி, குறிப்பும் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில்தான் தனக்குப் பெண்களில் நாட்டமில்லை, ஆண்களில்தான் ஈர்ப்பு என்று என்னிடம் சொன்னான். அவனுடைய அப்பா, "இது வெள்ளைக்காரரிட்ட இருந்து வந்த பழக்கம், கலியாணம் கட்டினால் சரியாகிடும்" என்கிறார். என் தம்பி டோஹாவில் இருக்கிறார். அங்கே அனுப்பினால் நாலு வருஷத்தில் எல்லாம் மறந்துபோகுமாம். லண்டனில் உள்ள மகளோ, "இங்க இது குற்றமே இல்லை அம்மா" என்கிறாள். இங்கே பொலிஸ் பிடிக்குமா? எந்த நாட்டில் என்ன சட்டம்? எனக்கு நித்திரையே வருவதில்லை.
– பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்:

அன்பான சகோதரிக்கு,

கலியாணம் முற்றாகும் முன்பே உங்கள் பிள்ளை வாய் திறந்திருக்கிறார். எங்கள் சமூகத்தில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் அப்படிச் சொன்னதால் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வும் தப்பியிருக்கிறது. கோபம் வரும் நேரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொலிஸ். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதன் 365ஆம் பிரிவு "இயற்கை ஒழுங்குக்கு மாறான" உடலுறவுக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது. 365அ பிரிவில், "பாரிய ஒழுக்கக்கேடான" செயலுக்கு 2 ஆண்டு வரை. இந்த இரண்டாவது பிரிவு 1995 வரை ஆண்களை மட்டுமே குறித்தது. அந்த ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. மற்ற நாடுகள் இப்படியான சட்டங்களை நீக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் நாங்கள் அதை விரித்தோம் என்பது எனக்கு இன்றும் வேதனையான விஷயம்.

ஆனால் இந்தப் பிரிவுகள் தொடுவது செயலை. ஆண்களில் ஈர்ப்பு உள்ளவராக இருப்பது குற்றம் அல்ல. அதைத் தாயிடம் சொல்வதும் குற்றம் அல்ல. அதற்காக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பிள்ளையைக் கொண்டுபோக எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. 2016இல் இப்படியான ஒரு வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம், குற்றவாளி என்ற தீர்ப்பை மாற்றாவிட்டாலும், சிறைத் தண்டனையை ஒத்திவைத்தது. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு நடந்துகொள்வதற்குச் சிறை பொருத்தமில்லை என்ற கருத்தையும் பதிவு செய்தது. 2022இல், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, இங்குள்ள உரிமைச் செயற்பாட்டாளர் ரொசான்னா ஃபிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில், இந்தச் சட்டத்தால் இலங்கை அவருடைய உரிமைகளை மீறியிருக்கிறது என்று முடிவு சொன்னது. அடுத்த ஆண்டு பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இதை மாற்றத் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனாலும் 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அது நிறைவேறாமலே நின்றுபோனது.

ஆகவே சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. என் பயம் சிறையைப் பற்றியது அல்ல. அந்தச் சட்டத்தைக் காட்டிக் காசு பறிப்பவர்களைப் பற்றியது. யாராவது "வீட்டுக்குச் சொல்வேன், பொலிசுக்குச் சொல்வேன்" என்று மிரட்டினால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு நேரே ஒரு சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிட்ட பிள்ளையிடம் இந்த மிரட்டல் பாதி செல்லாது. அந்த வகையில் நீங்கள் ஏற்கெனவே அவருக்குக் காவல்.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். வெள்ளைக்காரரிடமிருந்து வந்தது இந்த ஈர்ப்பு அல்ல, அதைக் குற்றமாக்கிய சட்டம். 1533இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் இங்கிலாந்து இதற்கு மரண தண்டனை விதித்தது. அந்தச் சிந்தனையே 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவாகி, சிங்கப்பூர், மலாயா, இலங்கை என்று அவர்கள் ஆண்ட இடமெல்லாம் போனது. அதற்கு முன் இங்கே நடைமுறையில் இருந்த ஒல்லாந்தர் சட்டமும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததுதான்.

உங்கள் பிள்ளை கணினித் துறையில் இருப்பதால் அலன் டியூரிங்கின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். கணினி அறிவியலுக்கு அடித்தளம் போட்டவர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியக் குறியீடுகளை உடைக்க உதவியவர். 1952இல் அதே பிரித்தானியா அவரை இப்படியான ஒரு சட்டத்தில் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் போகாமல் இருக்க ஹோர்மோன் ஊசிகளுக்கு அவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார், வயது 41. அரச மன்னிப்பு வந்தது 2013இல். கணவருக்கு இதைச் சொல்லுங்கள். பிள்ளையின் அறைச் சுவரில் படமாக மாட்டக்கூடிய ஒரு மனிதரை ஒரு நாடு எப்படி நடத்தியது என்று அவர் யோசிக்கட்டும்.

லண்டன் மகள் சொல்வது சரி. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967இல் இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தன. 2014 முதல் அங்கே இரு ஆண்களோ இரு பெண்களோ சட்டப்படி கலியாணம் செய்யலாம். அதில் முதலில் நின்றது நெதர்லாந்து, 2001இல். பின்னர் கனடா, தென்னாபிரிக்கா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று நீண்டது. ஆசியாவில் தாய்வான் 2019இலும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் கலியாணத்தை அனுமதித்தன. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி, வயதுவந்தோரின் சம்மத உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2023இல் கலியாண உரிமை தர மறுத்துவிட்டது. சிங்கப்பூர் 2022இல் சட்டத்தை நீக்கியது. எங்கள் தமிழர்களும் வாழும் மொரீசியஸில் 2023இல் நீதிமன்றமே அதைச் செல்லாததாக்கியது. ஒரே எசமானிடமிருந்து இப்படியான சட்டத்தை வாங்கியவர்களில் பலர் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்.

டோஹா விஷயத்தில் நான் தயங்காமல் சொல்வேன்: வேண்டாம். கட்டாரில் இது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பக்கத்துச் சவூதி அரேபியாவிலும் ஈரானிலும் மரண தண்டனை வரை போகலாம். உகண்டா 2023இல்தான் சில சந்தர்ப்பங்களுக்கு மரண தண்டனையை எழுதியது. இன்னும் 60க்கும் அதிகமான நாடுகளில் இது குற்றம்தான். உங்கள் தம்பி நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இங்கே இருப்பதைவிட ஆபத்து கூடிய இடத்துக்கு, துணை நிற்கத் தாய்கூட இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. லண்டனுக்குப் போவதென்றாலும் அது அவருடைய விருப்பமாக, படிப்பாகவோ வேலையாகவோ இருக்கட்டும். ஒளித்துவைக்க அனுப்புவது வேண்டாம்.

கலியாணம் கட்டினால் சரியாகுமா? ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நோயில்லாததற்கு மருந்தும் இல்லை, மணவறையும் மருந்தல்ல. "மாற்றுகிறேன்" என்று காசு வாங்கும் வைத்தியர்களையும் சாமியார்களையும் நெருங்க விடாதீர்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அப்படி மாற்ற முயல்வதையே தடை செய்யும்படி உத்தரவிட்டார். வரப்போகும் பெண்ணையும் நினையுங்கள். எங்கள் நாட்டுப் பொதுச் சட்டத்தில் பிற உறவு, வேண்டுமென்றே கைவிடுதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு ஆகியவற்றில் ஒன்றை நிரூபித்தால்தான் விவாகரத்து. மனம் ஒட்டவில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டு போனாலும் போதாது. ஒரு குற்றமும் செய்யாத அந்தப் பிள்ளை புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏற வேண்டிவரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகன் உங்களிடம் சொன்னார். இப்போது அப்பாவுக்கும் மாமாவுக்கும் அக்காவுக்கும் தெரியும். கலக்கத்தில் நடந்தது, விளங்குகிறது. இனி ஒருவருக்குச் சொல்வதானாலும் அவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். யாருக்குத் தெரியவேண்டும் என்பது அவருடைய பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது. உங்களுக்கு மனம் ஆற வேண்டுமென்றால், இந்த விஷயம் தெரிந்த ஒரு மனநல ஆலோசகரிடம் நீங்கள் தனியாகப் போய்ப் பேசலாம். உங்கள் மகனைப் போன்றவர்களின் உரிமைகளுக்காகக் கொழும்பில் 2004 முதல் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன.

பெண் வீட்டாருக்கு இந்தக் கிழமையே பதில் சொல்லிவிடுங்கள், இழுக்க வேண்டாம். குறிப்பில் பிழை என்று பொய் சொல்லவும் வேண்டாம், அது அந்தப் பெண்ணின் தலையில் விழும். "மகனுக்குக் கலியாண எண்ணம் இல்லை, நாங்கள் முதலிலேயே கேட்காமல் பேச்சை எடுத்தது எங்கள் பிழை" என்று நீங்களும் கணவரும் நேரில் போய்ச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.